கரிக்கோடும் காளத்திச் சித்திரமும்

கங்காதர நெல்லூரில் வாழும் நம் குடும்பத்தார்க்குக் காளத்தி என்றவுடன் நினைவிற்கு வருபவர் கண்ணப்பர். சித்தூரும் திருப்பதியும் கடந்து அத்தலம் செல்வோர், இறைவனைத் தொழுது, இராகு கேது பூசையும் முடித்துத் திரும்பிவிடுகின்றனர். அங்கே துணியில் இராமாயணம் எழுதும் ஓவியர் இல்லங்களை எட்டிப் பார்ப்போர் சிலரே.

கலம்காரி எனப்படும் அக்கலையின் வண்ணங்களைப் புகழ்வோர் பலர். நாம் கூற விழைவது வண்ணத்திற்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னர் மறைந்துபோகும் கரிக்கோட்டைப் பற்றியாகும்.

பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, மை பரவாது தடுக்கும். பின்னர்ப் புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் உருவங்களை வரைவர். கரி துணியின்மேல் தங்குமேயன்றி உள்ளே ஊறாது, தட்டினால் உதிரும். ஆதலின், அனுமன் வால் எவ்விடம் வளைவது, சீதையின் முகம் எப்புறம் திரும்புவது என்று ஓவியர் எண்ணுவதும் மாற்றுவதும் இந்நிலையிலேதான். அடுத்து மூங்கிற் கலத்தை எடுக்கின்றார். இரும்பும் வெல்லமும் பன்னாள் ஊறிய நீர், கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுத்துவிடுகின்றது. இனி அழித்தெழுதுவது எளிதன்று! சிவப்பு வேண்டுமிடத்துப் படிகாரநீர் பூசி, ஆற்றில் அலசிச் சாயத்தில் கொதிக்க வைப்பர். அலசலில் கரி போய்விடுகின்றது. ஓவியரின் ஐயங்களும் அதனோடு போயின எனலாம்.

இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ, 1564இல் இறப்பதற்குமுன் தம் முன்வரைவுகள் பலவற்றைத் தாமே எரித்தார் என்பர். தாம் பட்ட பாட்டைப் பிறர் காணலாகாது என்பது அவர் கருத்தாம். காளத்தியிலோ அதனை நீரே செய்துவிடுகின்றது.

நல்லூழாக, நம் கரையில் ஒருவர் அதனைப் பார்த்து வைத்தார். 1734 அளவில் புதுச்சேரிக்கு வந்த போலியூ என்னும் பிரஞ்சுக் கப்பற்படை அதிகாரி, துணிக்குச் சித்திரம் எழுதும் ஒருவரைத் தம் கண்முன் எழுதச் செய்து, கட்டந்தோறும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அவை இன்றும் பாரிசில் உள்ளன. 1742இல் கேர்தூ பாதிரியாரும் இத்தொழிலைப் பற்றிக் கடிதம் எழுதினார். தாளில் வரைந்த உருவத்தை ஊசியால் துளையிட்டுக் கரித்தூளைத் தேய்த்துத் துணியில் இறக்கும் முறை அதனால் தெரிகின்றது. அம்முறையில் ஒரே வரைவு பல துணிக்கு உதவும். காளத்தியில் கையே எழுதுவதால், ஒவ்வொரு துணிக்கும் புதிதாகவே எண்ண வேண்டும். நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகின்றது.

தாளில் தங்காத இவ்வித்தை, கையறிந்த முதியோர் மறைந்தால் தானும் மறையும். அந்நிலை நெருங்கியபோது, 1950களின் பிற்பகுதியில், கமலாதேவி சட்டோபாத்யாயர் முயற்சியால் காளத்தியில் பயிற்சி நிலையம் தோன்றியது. ஜொன்னலகட்டா லட்சுமையா அங்கு ஆசிரியரானார். அவர் மைந்தர் குரப்பச் செட்டியார் 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வாண்டு காளத்தி செல்லும் அன்பர்கள், குழந்தைகளையும் உடனழைத்துச் சென்று, முற்றுப்பெறாத துணி ஒன்றைக் காட்டும்படி ஓவியரிடம் கேட்பாராக. ஆற்றுக்குப் போகுமுன் கேட்க வேண்டும்.