சுகாதார நெருக்கடியும் சேரி மக்களின் முடிவுரிமையும்

தொற்றுநோய் பரவும்போதெல்லாம் ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் சொல் அரசாணைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. தெருவைத் தூய்மை செய்வோரும், கழிவை அகற்றுவோரும், சடலத்தை எரிப்போரும் புதைப்போரும் பெரும்பாலும் நம் மக்களே. ஆகவே உழைப்பில் பங்கு என்றும் உண்டு, முடிவெடுப்பதில்தான் இல்லை. இவ்வேறுபாட்டையே நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

சட்டத்தில் உள்ள இடம்

உடல்நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா-ஆட்டா பிரகடனம் கூறியது. இந்தியாவில் 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் கிராம சுகாதாரக் குழுக்களுக்கு வழிவகுத்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடஒதுக்கீட்டை அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்கிறது. மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழைய விடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

கொரோனா காட்டியது

தேவை மிகுந்திருந்த வேளையில் இவ்வாயில்கள் அடைபட்டன. 2020 அக்டோபர் 2 அன்று நடைபெறவிருந்த கிராம சபைக் கூட்டங்களைத் தொற்றைக் காரணம் காட்டித் தமிழக அரசு இரத்து செய்தது. காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. முதல் இரண்டு அலைகளையும் அவ்வூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இன்றியே எதிர்கொண்டன. ஓரறை வீட்டில் நோயாளி தனித்திருப்பது எங்ஙனம், பொதுக்குழாயில் இடைவெளி காப்பது எங்ஙனம் என்று கேட்க மன்றமே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா 11,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. உறவினரை விலக்கிச் சடலங்கள் அகற்றப்பட்டபோது, பல குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன. சமயத் தலைவர்களையும் குடும்பத்தாரையும் கலந்து கண்ணியமான அடக்கமுறை வகுக்கப்பட்ட பின்னரே ஒத்துழைப்பு வளர்ந்தது.

செய்ய வேண்டுவன

• சேரியின் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் கிராம சுகாதாரக் குழுவில் உறுப்பினராக வேண்டும்; கூட்டங்கள் சேரியிலும் நடைபெற வேண்டும்.

• குடிநீர், மருத்துவ ஊர்தி வரும் வழி, தனிமைப்படுத்தும் இடம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் குறைகளை நோயில்லாக் காலத்திலேயே பட்டியலிட வேண்டும்.

• நெருக்கடிப் பணிக்கான ஊதியம், பாதுகாப்புக் கருவி, காப்பீடு ஆகியவை பணி தொடங்குமுன் எழுத்துவடிவில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்குரியவை. அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திராமல், வரும் கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக முன்வைத்துப் பதிவேட்டில் ஏற்றுமாறு நாம் வலியுறுத்துகிறோம்.