காசு எங்கே போச்சு? கைவித்தையின் அடிப்படை உத்திகள்

புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பிறந்தநாள் விருந்து நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தைக்காரரைச் சுற்றிப் பிள்ளைகள். அவர் ஒரு வெள்ளி நாணயத்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுகிறார். மூடிய கையின்மீது ஊதுகிறார். விரித்துக் காட்டினால் நாணயம் இல்லை!

"அங்கிள், இன்னொரு தடவை செய்ங்க!"

அவர் செய்யமாட்டார். ஏன் என்பது இந்தக் கட்டுரையின் முடிவில் உங்களுக்கே புரியும்.

"கை அவ்வளவு வேகம்" என்பார்கள் பெரியவர்கள். உண்மை அதுவல்ல. வேகமாக அசையும் கைதான் சந்தேகத்தைக் கிளப்பும். கைதேர்ந்தவர்கள் நிதானமாகவே செய்வார்கள். அவர்கள் குறிவைப்பது நமது கண்ணை அல்ல, கவனத்தை.

கைவித்தை என்றால் என்ன?

மேடையில் பெரிய பெட்டிகளை வைத்துச் செய்வது ஒரு வகை. பார்ப்பவருக்கு ஓரிரு அடி தூரத்தில், நாணயம், சீட்டு, கிண்ணம் போன்ற சிறு பொருள்களைக் கொண்டு செய்வது இன்னொரு வகை. அதுதான் கைவித்தை.

தமிழில் அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: செப்பிடு வித்தை. பேச்சுவழக்கில் 'செப்படி வித்தை'. செப்பு என்றால் சிறு பாத்திரம் அல்லது சிமிழ். கவிழ்த்து வைத்த கிண்ணங்களுக்கு அடியில் பந்துகளை வரவழைத்து, மறைய வைக்கும் வித்தையின் பெயரே மொத்தக் கலைக்கும் பெயராகிவிட்டது.

இந்திய வித்தைக்காரர்கள் அதைக் கடல் கடந்தும் கொண்டுசென்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் புகழ்பெற்ற ராமோ சாமி அவர்களில் ஒருவர். பெயர் 'ராமசாமி' போல ஒலிக்கிறது, இல்லையா? அவர் 1850இல் அங்கேயே காலமானார்.

அடிப்படை உத்திகள் யாவை?

1. உள்ளங்கையில் மறைத்தல்

கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் இடையில் நாணயத்தைப் பிடித்துக்கொள்வது. நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் அடியில் மடித்து வைப்பது அதைவிட எளிது. நாணயத்தைப் பிடிப்பதைக் காட்டிலும், கை காலியாக இருப்பதுபோல் தளர்வாகத் தெரிவதுதான் சிரமம்.

நமது ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மில்லிமீட்டர். வித்தைக்காரர்கள் விரும்பும் அமெரிக்க அரை டாலர் நாணயம் 30 மில்லிமீட்டருக்கும் அதிகம். சிறிய நாணயம் எளிதில் ஒளியும். ஆனால் உள்ளங்கையில் நிற்காமல் நழுவும்.

2. போலிக் கைமாற்றம்

நாணயத்தை இடக்கை விரல்நுனிகளில் படுக்கை வசமாகப் பிடியுங்கள். வலக்கையின் கட்டைவிரலை நாணயத்துக்கு அடியிலும் மற்ற விரல்களை மேலேயும் கொண்டுசென்று, எடுப்பதுபோல் மூடுங்கள். விரல்கள் மறைக்கும் அந்த நொடியில் நாணயத்தை விட்டுவிடுங்கள். அது இடக்கையிலேயே விழும். காலியான வலக்கை மூடியபடி விலகவேண்டும். உங்கள் கண்ணும் அதன் கூடவே போகவேண்டும். இடக்கையைப் பார்த்தால் காரியம் கெட்டுச்சு!

3. ஒரு படி முன்னால்

கிண்ண வித்தையில் நீங்கள் மூன்று பந்துகளைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் நான்காவது ஒன்று இருக்கும். "இப்போ இந்தக் கிண்ணத்துக்குள்ள பந்து வரும்" என்று அவர் சொல்லும்போது, அது ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். நீங்கள் கூர்ந்து பார்க்கத் தொடங்கும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

4. கட்டாயத் தேர்வு

வித்தைக்காரருக்குக் கட்டின் மேல்சீட்டு என்னவென்று தெரியும். பாதிக் கட்டை எடுத்து மேசையில் வைக்கச் சொல்கிறார். மீதிக் கட்டை அதன்மேல் குறுக்காக வைக்கிறார். கொஞ்சம் பேச்சுக் கொடுக்கிறார். பிறகு குறுக்குக் கட்டைத் தூக்கி, "நீங்க வெட்டின இடத்துச் சீட்டை எடுங்க" என்கிறார். நீங்கள் எடுப்பது அவருக்குத் தெரிந்த அதே மேல்சீட்டு! எந்தப் பாதி எது என்பது அந்தப் பேச்சில் மறந்துபோயிருக்கும்.

பார்த்தும் ஏன் தெரியவில்லை?

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் போயிருக்கிறீர்களா? வீடுகளை நெருங்கும்போது ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். வித்தைக்காரரிடம் அப்படியொரு கண்ணாடி இல்லை. உங்கள் கண்முன் எல்லாமே தெளிவாக இருக்கிறது. ஆனாலும் தெரிவதில்லை.

2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குஸ்டாவ் குன், மைக்கல் லேண்ட் ஆகியோர் ஒரு வித்தையைக் காணொளியில் காட்டினர். வித்தைக்காரர் பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார். கடைசியில் எறிவதுபோல் பாவனை மட்டும் செய்கிறார். பந்து கையிலேயே இருக்கிறது. அவர் மேலே பார்த்தபோது, 68 விழுக்காட்டினர் பந்து மேலே போய் மறைந்ததாகச் சொன்னார்கள். அவர் தம் கையைப் பார்த்தபோது அது 32 விழுக்காடு மட்டுமே.

வித்தைக்காரர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நம் மூளை நம்பிவிடுகிறது. சிரிப்பும் அப்படித்தான். அவர் நகைச்சுவை சொல்லி நீங்கள் சிரிக்கும் நொடியில் கவனம் தளர்கிறது. காரியம் அப்போது நடக்கும்.

அதனால்தான் அதே வித்தையை அவர் உடனே மறுபடியும் செய்வதில்லை. முடிவு தெரிந்தவர் இரண்டாம் முறை சரியான இடத்தைப் பார்த்துவிடுவார்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் அதிகம். மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் ஏறக்குறைய இதே உத்திகள்தான்.

*"உங்க வங்கிக் கணக்குல பிரச்சினை, உடனே செய்யணும்" என்பது கவனத் திசைதிருப்பல். அவசரத்தில் எண்ணைச் சரிபார்க்க மறந்துவிடுவோம்.

*"பணத்தை மாற்றுங்க, இல்லாட்டி கைது" என்பது கட்டாயத் தேர்வு. தொலைபேசியை வைத்துவிடுவது என்ற மூன்றாவது வழி கண்ணில் படாது.

*வங்கியின் இணையத்தளம் போலவே இருக்கும் போலித் தளம், காலியான வலக்கையைப் போன்றது.

ஏமாந்தவர்களைப் பார்த்து "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்பது தவறு. படித்தவர், படிக்காதவர் எல்லாருடைய கவனமும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. ஒரே வேறுபாடு: வித்தைக்காரர் முடிவில் உங்கள் காதுக்குப் பின்னாலிருந்து நாணயத்தை எடுத்துத் திருப்பித் தந்துவிடுவார்.

யாராவது உங்களை அவசரப்படுத்தினால், கொஞ்சம் நிறுத்துங்கள். அடுத்த கையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.