பார்ம்.டி. சேர்க்கை நேர்காணல் (அமெரிக்கா)

அமெரிக்காவில் பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) என்ற மருந்தாளுநர் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களை, இடம் கொடுப்பதற்கு முன் கல்லூரிகள் அழைத்துப் பேசிப் பார்க்கும் நடைமுறையே பார்ம்.டி. சேர்க்கை நேர்காணல். மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், விண்ணப்பக் கட்டுரை ஆகியவற்றில் தேறியவர்களுக்கே அழைப்பு வரும். நேரிலோ காணொளியிலோ நடக்கும். அரை நாளில் முடியலாம், முழு நாளும் ஆகலாம். மருந்தியல் அறிவைச் சோதிப்பது இதன் வேலை அல்ல. அதைக் கற்றுத்தரத்தான் நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. நோயாளியிடம் பேசத் தெரிந்தவரா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரா, நெருக்கடியில் நேர்மை தவறாதவரா என்பதையே தேர்வாளர்கள் பார்க்கிறார்கள்.

பின்னணி

அமெரிக்காவின் முதல் மருந்தாளுநர் கல்லூரி 1821இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. நெடுங்காலம் இளநிலைப் பட்டமே தொழிலுக்குப் போதுமானதாக இருந்தது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1950இல் பார்ம்.டி. படிப்பை முதலில் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு விவாதத்துக்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில் அதுவே ஒரே நுழைவுப் பட்டமாயிற்று. இப்போது 140க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதை வழங்குகின்றன. கல்லூரியில் குறைந்தது இரண்டு ஆண்டு அறிவியல் பாடங்கள் படித்துவிட்டு இதில் சேரலாம். பட்டம் முடித்துவிட்டு வருபவர்களும் ஏராளம்.

பட்டம் மாறியதற்குக் காரணம், வேலையே மாறியதுதான். சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் பொறுப்பு முடிந்த காலம் போய்விட்டது. 1990ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் திட்டத்தில் மருந்து வாங்குபவர்களுக்கு ஆலோசனை தர மருந்தாளுநர் முன்வர வேண்டும் என்றது. பெரும்பாலான மாநிலங்கள் அதை எல்லா நோயாளிகளுக்கும் விரித்தன. ஆலோசனை ஏன் முக்கியம் என்பதற்கு மெத்தோட்ரெக்சேட் ஒன்றே போதும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் போட வேண்டிய மாத்திரை அது. தினமும் போட வேண்டும் என்று தவறாகப் புரிந்துகொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. “வாரத்தில் எந்தக் கிழமை போடுவீர்கள், சொல்லுங்கள்” என்று நோயாளியின் வாயாலேயே கேட்டு உறுதிசெய்யும் மருந்தாளுநர் அந்த மரணத்தைத் தடுக்கிறார். நேர்காணல் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏ.சி.பி.இ. அமைப்பு, 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தன் தரநிலைகளில், ஒரே சீரான முறையில் நேர்காணல் நடத்துவதைச் சேர்க்கையின் பகுதியாகவே வைத்தது. பிகேட் என்ற நுழைவுத் தேர்வும் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. கல்வித் திறனை அளக்கும் கருவிகளில் ஒன்று இல்லாமல் போனதால் நேர்காணலின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

அழைப்பும் அந்த நாளும்

பெரும்பாலான கல்லூரிகளுக்கு பார்ம்கேஸ் என்ற பொது இணையச் சேவை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் அது திறக்கும். விண்ணப்பங்கள் வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போவது பல கல்லூரிகளின் வழக்கம். அதனால் இலையுதிர் காலத்திலேயே நேர்காணல் முடித்தவருக்கு வாய்ப்பு அதிகம். வசந்தம் வரை தள்ளிப்போட்டவர் மிச்சமிருக்கும் இடங்களுக்குப் போட்டியிட வேண்டியிருக்கும்.

நேரில் போனால் வரவேற்பு, முதல்வர் உரை, கட்டணம் மற்றும் கல்விக்கடன் பற்றிய விளக்கம், வளாகச் சுற்று, மாணவர்களுடன் மதிய உணவு, இடையில் நேர்காணல் என்று அந்த நாள் நகரும். சாப்பாட்டு மேசையில் மாணவர்களோடு பேசுவதற்கு மதிப்பெண் கிடையாது என்று பல கல்லூரிகள் சொல்கின்றன. ஆனாலும் அலுவலக ஊழியரிடம் எடுத்தெறிந்து பேசியவரின் பெயர் சேர்க்கைக் குழுவின் காதுக்குப் போகாமல் இருக்காது. உடை விஷயத்தில் குழப்பமே வேண்டாம்: ஆண்களுக்குக் கோட்டும் டையும், பெண்களுக்கு அதற்கு இணையான அலுவலக உடையும். 2020இல் பெருந்தொற்று காரணமாக நேர்காணல்கள் எல்லாம் காணொளிக்கு மாறின. செலவு குறைந்ததால் பல கல்லூரிகள் அதையே தொடர்கின்றன, அல்லது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன.

மரபுவழி நேர்காணல்

பேராசிரியர் ஒருவரும், மூத்த மாணவரோ பணியிலிருக்கும் மருந்தாளுநரோ ஒருவரும் எதிரில் உட்கார்ந்து இருபது முப்பது நிமிடம் பேசுவது பழைய முறை. சில கல்லூரிகளில் அவர்கள் விண்ணப்பக் கோப்பை முழுதாகப் படித்திருப்பார்கள். வேறு சிலவற்றில், மதிப்பெண்ணைப் பார்த்து மனச்சாய்வு வந்துவிடக் கூடாதென்று கோப்பைக் காட்டவே மாட்டார்கள். கோப்பைப் பார்க்காதவரிடம் “விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேனே” என்று சொல்வதால் பயனில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

“மருத்துவம் இருக்க, ஏன் பார்மசி?” என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். “மற்றவர்களுக்கு உதவப் பிடிக்கும்” என்ற பதில் செவிலியருக்கும் பொருந்தும், தீயணைப்பு வீரருக்கும் பொருந்தும். மருந்துக் கடையில் உதவியாளராக வேலை பார்த்தபோது, காப்பீடு மறுக்கப்பட்ட ஒரு முதியவருக்காக மருந்தாளுநர் மருத்துவரை அழைத்து விலை குறைந்த மாற்று மருந்து எழுதி வாங்கியதைப் பார்த்தேன், அந்த வேலையைத்தான் நான் செய்ய விரும்புகிறேன் என்பது வேறு ரகம். இந்தத் தொழிலுக்குள் என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரியும் என்பதை அது காட்டிவிடுகிறது.

அடுத்த வகை, நடந்ததைக் கேட்கும் கேள்விகள்: குழுவில் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள், எதில் தோற்றீர்கள், கடுமையான விமர்சனத்தை எப்படி ஏற்றீர்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற வரிசையில் சொன்னால் பதில் சிதறாது. ஒரு பாடத்தில் மதிப்பெண் சரிந்திருந்தால் அதையும் கேட்பார்கள். ஆசிரியர் மேல் பழி போடாமல், காரணத்தை இரண்டு வரியில் சொல்லி, பிறகு என்ன மாற்றிக்கொண்டோம் என்பதற்குப் போய்விடுவதே நல்லது.

பல்நிலைச் சிறு நேர்காணல்

ஒரே அறையில் ஒரே ஆளிடம் பேசும் முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. எதிரில் இருப்பவருக்கு முதல் இரண்டு நிமிடத்தில் பிடித்துப்போனால் மீதி நேரமும் அந்த வெளிச்சத்திலேயே கழியும். பிடிக்காவிட்டால் மீள்வது கடினம். கனடாவின் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் கெவின் ஈவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு மாற்றாக ஒரு முறையை வகுத்து 2004இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். மருத்துவ மாணவர்களின் செயல்திறனைப் பல மேசைகளில் சோதிக்க ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஸ்காட்லாந்தில் அறிமுகப்படுத்திய தேர்வு முறையே இதற்கு முன்மாதிரி. மருத்துவத்திலிருந்து பார்மசி கல்லூரிகளுக்கும் இது பரவியது.

ஒரு தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மணி அடித்ததும் படிக்க இரண்டு நிமிடம். மறுபடி மணி, உள்ளே போய் ஐந்து முதல் எட்டு நிமிடம் பேச வேண்டும். மூன்றாவது மணி அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும், வெளியே வந்து அடுத்த கதவுக்கு நகர வேண்டும். ஐந்தாறு முதல் பத்து அறைகள் வரை இருக்கும். ஒவ்வொன்றிலும் மதிப்பிடுபவர் வேறு. முந்தைய அறையில் சொதப்பியது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. இந்த முறையின் பெரிய நியாயமே அதுதான். ஆனால் அறையை விட்டு வெளியே வந்தும் மனம் அங்கேயே நின்றுவிட்டால் இந்தச் சலுகை வீணாகும்.

கதவில் ஒட்டிய தாளில் என்ன இருக்கும்? ஒரு மாதிரியைப் பார்ப்போம். “நீங்கள் ஒரு மருந்துக் கடையில் பயிற்சியாளர். மருந்தாளுநர் நேற்று ஒருவருக்கு 5 மில்லிகிராமுக்குப் பதில் 10 மில்லிகிராம் மாத்திரை கொடுத்துவிட்டதைக் கவனிக்கிறீர்கள். சொன்னால், ‘பரவாயில்லை, விடு’ என்கிறார். என்ன செய்வீர்கள்?” உள்ளே போனவுடன் “மேலதிகாரியிடம் புகார் செய்வேன்” என்று ஆரம்பிப்பவர், வீட்டில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கும் நோயாளியை மறந்துவிட்டார். முதலில் அவரைத் தொடர்புகொண்டு எத்தனை மாத்திரை போட்டார், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். எழுதிய மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அதைத் தானாகச் செய்யும் அதிகாரம் இல்லை என்பதால், அந்த மருந்தாளுநரிடமே மீண்டும் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். அவர் அசையாவிட்டால்தான் கடைக்குப் பொறுப்பான மருந்தாளுநரிடம் போவது. பிறகு பிழையைப் பதிவு செய்வது, எப்படி நேர்ந்தது என்று ஆராய்வது. இந்த வரிசைக்கே மதிப்பெண். மதிப்பிடுபவர் நடுவில், “அவர் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தால்?” என்று ஒரு முடிச்சுப் போடுவார். முடிவை மாற்றிக்கொள்கிறோமா என்று பார்க்கவே அந்தக் கேள்வி.

எல்லா அறையும் இப்படிக் கனமாக இருக்காது. ஒன்றில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து, தன் கையில் இருக்கும் படத்தை மற்றவர் வரையும்படி வார்த்தைகளாலேயே வழிநடத்தச் சொல்வார்கள். இன்னொன்றில் நடிகர் ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராக மேசையைத் தட்டுவார். அவரைக் குறுக்கிடாமல் முழுதாகப் பேசவிடுவதும், வருத்தத்தை ஏற்றுக்கொண்டு பிறகு தீர்வுக்குப் போவதும்தான் அங்கே கவனிக்கப்படுகின்றன.

நெறிச் சிக்கல்களும் நடப்பு விவகாரங்களும்

சில கேள்விகளுக்குச் சரியான ஒற்றை விடை கிடையாது. அவசர காலக் கருத்தடை மாத்திரை கொடுப்பது தன் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்று மருந்தாளுநர் மறுக்கலாமா? இதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வாஷிங்டன் மாநிலத்தில், கடை அந்த மருந்தை வழங்கியே ஆக வேண்டும். தனி மருந்தாளுநர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் வேறொருவர் அங்கேயே கொடுக்க வேண்டும் என்பது விதி. அதைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு அவ்வழக்கை விசாரிக்க மறுத்தது. விண்ணப்பதாரர் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டியதில்லை. மருந்தாளுநரின் மனசாட்சி, நோயாளியின் உரிமை இரண்டையும் எடுத்துப் பேசிவிட்டு, மழுப்பாமல் ஒரு நிலைப்பாட்டுக்கு வந்தால் போதும்.

நடப்பு நிலவரம் தெரியாமல் போவது மட்டும் மன்னிக்கப்படாது. 2009க்குள் ஐம்பது மாநிலங்களிலும் மருந்தாளுநர்கள் தடுப்பூசி போடும் அனுமதி பெற்றார்கள். ஓபியாய்டு மருந்தை அளவு மீறி எடுத்தவரை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பு, 2023 மார்ச்சில் மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், ஆள் பற்றாக்குறையைக் கண்டித்து சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் கடைகளின் மருந்தாளுநர்கள் பலர் வேலையைப் புறக்கணித்தார்கள். “இந்தத் தொழிலின் பெரிய சிக்கல் எது?” என்ற கேள்விக்கு இவற்றில் ஏதேனும் ஒன்றையாவது சொந்த வார்த்தையில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிற சோதனைகள்

அரை மணி நேரத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதச் சொல்வதுண்டு. நாலைந்து பேரை ஒரு மேசையில் உட்காரவைத்துக் கூட்டு வேலை கொடுப்பதும் உண்டு. அங்கே அதிகம் பேசியவரைவிட, பேசாதவரை உள்ளே இழுத்தவருக்கு மதிப்பு. கணினித் திரையில் கேள்வி தோன்ற, எதிரில் யாரும் இல்லாமல் கேமராவைப் பார்த்துப் பதில் பதிவு செய்யும் முறையும் வந்திருக்கிறது. அதற்கு வீட்டில் கைப்பேசியில் பதிவுசெய்து பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கக் கூடாதவை

கூட்டாட்சி விதிகளின்படி, சேர்க்கைக்கு முன் மண நிலை பற்றி விசாரிப்பது தவறு. மதம், வயது, கர்ப்பம் போன்றவையும் நல்ல நேர்காணலில் இடம்பெறுவதில்லை. பயிற்சி இல்லாத தேர்வாளர் தெரியாமல் கேட்டுவிட்டால், அமைதியாகப் பேச்சைப் படிப்பின் பக்கம் திருப்பலாம். பிறகு சேர்க்கை அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

விண்ணப்பதாரர் கேட்க வேண்டியவை

கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். “இல்லை” என்பது வீணான பதில். பல தனியார் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டுகிறது. நாடு முழுவதும் விண்ணப்பங்கள் குறைந்திருப்பதால் கல்லூரிகளுக்கும் மாணவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆகவே அன்று கல்லூரியை எடைபோடும் உரிமை மாணவருக்கும் உண்டு. நாப்லெக்ஸ் உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எவ்வளவு? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் முடித்தார்கள்? மருத்துவமனை மேற்பயிற்சி இடம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஏ.சி.பி.இ.யின் 2016 தரநிலைகள் கேட்ட களப்பயிற்சி தொடக்கத்தில் 300 மணி நேரம், இறுதியில் 1,440 மணி நேரம். அவை எந்த மருத்துவமனைகளில், எவ்வளவு தூரத்தில்? நாப்லெக்ஸ் தேர்ச்சி விகிதம் கல்லூரிவாரியாக வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போய், சரிந்திருந்தால் காரணம் கேட்பதில் தவறே இல்லை.

முடிவு

தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பெண் தாளை நிரப்ப, குழு கூடி முடிவெடுக்கும். சில நாளில் பதில் வருவதும் உண்டு, வாரக்கணக்கில் ஆவதும் உண்டு. இடம், காத்திருப்புப் பட்டியல், மறுப்பு என்ற மூன்றில் ஒன்று வரும். மறுக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். எங்கே குறைந்தது என்று கேட்டால் சில கல்லூரிகள் சொல்லவும் செய்கின்றன.

இந்தியப் பட்டதாரிகள்

தமிழ்நாட்டில் பி.பார்ம். அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன, நேர்காணல் கிடையாது. அதனால் இங்கிருந்து போகும் மாணவர்களுக்கு, தன்னைப் பற்றிப் பேசுவதே புதுப் பழக்கம். பி.பார்ம். முடித்த பலர் அமெரிக்காவில் பார்ம்.டி.யும் படிக்க வேண்டிவருவதற்கு ஒரு விதி காரணம். அங்கே உரிமம் பெற வழிசெய்யும், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான சமநிலைச் சான்றிதழைப் பெற, 2003 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டம் முடித்திருக்க வேண்டும். இந்தியாவின் பி.பார்ம். நான்கு ஆண்டுதான். 2008இல் இந்தியாவில் தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. முடித்தவர்கள் அந்தச் சான்றிதழுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். எந்த வழி தனக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, பிறகு பார்ம்கேஸுக்குப் பணம் கட்டுங்கள்.