வட்டுக்கோட்டை முதல் திருநெல்வேலி வரை: எம் பெண்கள் உயர்கல்வியை எட்டிய கதை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அதிபர்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் இம்மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். கல்லூரி வாசலைத் தாண்டிய பின் எம் பெண்கள் எங்கே போனார்கள்? கெட்டிக்காரிகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர்களுள் யார் மேலே படித்தார், யார் வீட்டோடு நின்றார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது தூரமே. யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி வளர்ந்த வரலாற்றை அந்தக் கண்கொண்டு பார்ப்பது பயனுள்ளது.

அந்த வரலாறு 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் என விரிந்த பாடத்திட்டம் அக்காலத்து ஆசியாவில் அரிதானது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே பயின்றவர்களே. ஆனால் அது ஆண்களுக்கு மாத்திரம் உரிய இடம். அடுத்த ஆண்டான 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை ஆரம்பமானது. தொடக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும் பாதை ஒன்றாகவில்லை. ஆண்களின் கல்வி பட்டத்தை நோக்கி நடந்தது. பெண்களின் கல்வி நல்ல இல்லத்தரசியை நோக்கி நடந்தது.

1855 இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கில உயர்கல்வி மிஷனின் நோக்கமன்று எனக் கருதியதே காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த நிறுவனம் ஒரு தீர்மானத்துடன் முடிந்தது. ஊரார் அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் விடாமுயற்சியால் 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பிற்காலத்தில் அதன் பட்டதாரிப் பிரிவு லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. தமது பிள்ளைகளுக்கான உயர்கல்வியைப் பிறர் முடிவுக்கு விட்டுவிடக் கூடாது என்ற பாடத்தை யாழ்ப்பாணச் சமூகம் அன்றே கற்றது எனலாம்.

இதே காலத்தில் பெண்களுக்கென வேறு வாசல்கள் மெல்லத் திறந்தன. 1898 இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அமைந்தது. அங்கே தமிழ்ப் பெண்கள் தாதியராகப் பயிற்றப்பட்டனர். ஆசிரியப் பயிற்சியும் இடம்பெற்றது. சேர். பொன். இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கான இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கான பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். ஆசிரியை, தாதி என்ற இரண்டு உத்தியோகங்களும் எம் மூத்த தலைமுறையினரின் வாழ்வை மாற்றின. சம்பளம் கைக்கு வந்தது. வீட்டில் சொல்லுக்கு மதிப்பும் வந்தது. ஆயினும் பட்டப்படிப்பு கைக்கெட்டாத தூரத்திலேயே இருந்தது.

அந்தத் தூரத்தை எம் மூத்த சகோதரிகள் நன்கறிவார்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு விரிந்தது. பேராதனைக்குப் போகும் பெண் புகையிரதத்தில் பொல்காவலை வரை சென்று அங்கே வண்டி மாற வேண்டும். துணைக்கு அப்பாவோ அண்ணாவோ போவார். சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர விடுதிகளில் எம் பெண்கள் தங்கிப் படித்தார்கள்; பெருமையுடன் பட்டம் பெற்றார்கள். அவர்களை இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் அனுமதி கிடைத்தும் போகாதவர்களின் பெயர் எந்தப் பரிசுப் பலகையிலும் இல்லை. "பெட்டைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி விடுவது?" என்ற ஒரு வசனத்தோடு பல படிப்புகள் முடிந்தன. சீதனக் கணக்கும், கீழே இருக்கும் தங்கைமாரின் கணக்கும் அந்த வசனத்துக்குப் பின்னால் நின்றன.

1970களின் தொடக்கத்தில் நிலைமை மேலும் இறுகியது. தரப்படுத்தல் வந்தபோது மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் கூடுதலான புள்ளி பெற வேண்டியதாயிற்று. அதன்பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இந்தக் கசப்பின் நடுவில்தான் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் உருவானது. எல்லாரும் அதை வரவேற்றார்கள் எனக் கூற முடியாது. திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருந்தது. அதைத் தட்டிக்கழிக்கவே இந்த வளாகம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஊரில் ஒரு வளாகம் வந்தால் எம் பிள்ளைகள் வெளியுலகம் காணாமற் போவார்கள் என்ற வாதமும் இருந்தது. அந்த வாதங்களில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது வேறு. ஒக்டோபர் மாதத்தில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா திறந்துவைத்த அந்த வளாகம், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இயங்கிய இடத்தில் விஞ்ஞானத்தையும், திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி நிலத்தில் கலைத்துறையையும் தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவரானார். ஊரார் கட்டிய இரு கல்லூரிகள் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயின. கொக்குவிலிலிருந்தும் கோண்டாவிலிலிருந்தும் பெண்கள் சைக்கிளில் விரிவுரைக்குப் போனார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு உதவி செய்துவிட்டு இரவில் படித்தார்கள். "எப்படி விடுவது?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

1978 இல் மருத்துவ பீடம் வந்தது. 1979 ஜனவரி முதலாந் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியும் இதன் அங்கமாகி, சங்கீதமும் நடனமும் பட்டப்படிப்பாயின. கைதடியில் சித்த மருத்துவமும், கிளிநொச்சியில் விவசாயமும் பின்னர் பொறியியலும் கற்பிக்கப்பட்டன. வவுனியாவில் 1991 இல் தொடங்கிய இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1997 இல் வளாகமாகி, 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இந்த வளர்ச்சி அமைதியான காலத்தில் நிகழவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. குறிப்பெடுக்க அங்கே போய்வந்த எம்மவர்க்கு அது வீட்டில் நடந்த இழவு. 1989 செப்டெம்பர் 21 ஆந் திகதி, உடற்கூற்றியல் துறைத் தலைவியான வைத்தியகலாநிதி ரஜனி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் படித்து, வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து, கற்பிப்பதற்கென்றே ஊருக்குத் திரும்பியவர் அவர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது மாணவிகள் உடுப்புப் பையோடு குறிப்புக் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு செம்மணி வெளியைக் கடந்தார்கள். அடுத்த ஆண்டு விரிவுரைகள் மீண்டும் தொடங்கின. விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தவர்கள் இன்று எம் பாடசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கச்சேரியிலும் கடமை புரிகிறார்கள். பேராசிரியை வசந்தி அரசரத்தினம் இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியதை நாம் பெருமையோடு நினைக்கிறோம்.

இன்று தூரம் ஒழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளைக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை தூரம். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு வாடகை அறையும் பஸ் காசும் தூரம். உயர்தரத்தில் சித்தியடைந்தோருள் ஒரு பகுதியினருக்கே பல்கலைக்கழக அனுமதி கிடைக்கிறது. பெறுபேறு வந்த மறுநாள் மற்றப் பிள்ளைகள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஊரிலேயே வழிகள் உண்டு. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றில் உயர் தேசிய டிப்ளோமா பெறலாம். தொழில்நுட்பக் கல்லூரியும், தேசிய கல்வியியற் கல்லூரியும், தாதியர் பயிற்சிக் கல்லூரியும் இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில், உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைப் பாடநெறியின் ஊடாக நுழையலாம். பிள்ளை பெற்று வளர்த்த பின்னும் படிக்கலாம். இவற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல ஒரு அக்கா இல்லாததாலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே நூற்றாண்டு கொண்டாடும் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பெறுபேறு வெளிவரும் வாரத்தில் எம்மில் சிலர் கல்லூரி மண்டபத்தில் இருப்போம். அனுமதி கிடைத்தவளை வாழ்த்துவதோடு நின்றுவிடாமல், கிடைக்காதவளை அருகில் இருத்தி விண்ணப்பப் படிவத்தை நிரப்புவோம். கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் உள்ள சகோதரிகள் ஒரு பிள்ளையின் பஸ் காசையும் அறை வாடகையையும் பொறுப்பேற்கட்டும். வட்டுக்கோட்டையில் மூடிய கதவை அன்று ஊரார் கேட்டுத் திறந்தார்கள். எமக்குப் பின்னால் வருபவளுக்கு அந்தக் கதவுவரை வழிகாட்டும் கடமை எம்முடையது.