ஆட்டத்தைப் படமெடுத்தவருக்கு என்ன உரிமை?

திடலில் ஓட்டப்பந்தயம் நடைபெறுகின்றது. முதலில் வருபவர் எல்லைக் கோட்டைத் தொடும் கணத்தில், கூட்டத்தில் நின்ற ஒருவர் அதனைப் படம் பிடித்துவிடுகின்றார். அவர் செய்தித்தாளின் ஊழியர் அல்லர். படமெடுப்பதைப் பிழைப்பாகக் கொண்டவரும் அல்லர். சில வாரங்கள் கழித்து அந்தப் படம் ஒரு மலரின் முகப்பை அலங்கரிக்கின்றது. எடுத்தவரின் பெயர் அதில் இல்லை. அவர் கைக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை.

அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கா, ஓடியவருக்கா, பந்தயத்தை நடத்திய சங்கத்திற்கா, திடலின் உடைமையாளருக்கா? கைத்தொலைபேசியெல்லாம் படக்கருவியாகிவிட்ட இக்காலத்தில் இது நாள்தோறும் எழும் வினா. ஆயினும் இது புதிய வினா அன்று. இங்கிலாந்தின் வழக்குமன்றங்கள் இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆராயத் தொடங்கிவிட்டன. அங்குப் பிறந்த சட்டமே பின்னர் நம் நாடுகளுக்கும் வந்தமையால், அவ்வரலாற்றை அறிவது நமக்கும் பயன்தரும்.

பணம் கொடுத்தவரும் படம் எடுத்தவரும்

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. எனினும் 1862ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் புகைப்படத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததில்லை. அவ்வாண்டில் இயற்றப்பட்ட நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டமே ஓவியத்தோடு புகைப்படத்தையும் சேர்த்துக்கொண்டது. படத்தை ஆக்கியோனின் வாழ்நாளும், அவன் மறைந்தபின் ஏழாண்டும் உரிமை நிலவும் என அது விதித்தது.

ஆனால் அச்சட்டம் இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஒன்று, உரிமையை இலண்டனிலுள்ள ஸ்டேஷனர்ஸ் மண்டபத்தின் ஏட்டில் பதிவு செய்தால்தான் வழக்கிட இயலும். மற்றொன்று, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு எழுதப்படாதவரை உரிமை பணம் கொடுத்தவரையே சேரும். இதனால் ஒரு புதுமையான வழக்கம் தோன்றியது. புகழ்பெற்ற நடிகரையும் விளையாட்டு வீரரையும் நிலையத்தார் கூலி வாங்காமலே படம் எடுத்தனர். கூலி வாங்காவிடில் உரிமை தம்மிடமே தங்கும்; பின்னர்ப் படிகளை விற்றுப் பொருள் ஈட்டலாம் அல்லவா?

கிரிக்கெட் குழுவின் படம்

1883ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்த நாட்டேஜ் - ஜாக்சன் வழக்கு இத்தகைய ஒரு படத்தைப் பற்றியதே. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் குழுவினரின் படத்திற்கு மக்களிடம் நல்ல விலை இருக்குமென இலண்டன் புகைப்பட நிறுவனம் ஒன்று எண்ணியது. தன் கலைஞர் ஒருவரை அனுப்பிக் குழுவினரைப் படம் எடுக்கச் செய்தது. நிறுவனத்தின் உரிமையாளர்கள் தங்களையே ஆக்கியோர் என ஏட்டில் பதிந்துகொண்டனர். பிறரொருவர் அப்படத்தைப் படியெடுத்து விற்கவே, வழக்கு எழுந்தது.

மன்றத்தின் முன் நின்ற கேள்வி ஒன்றே: புகைப்படத்தின் ஆக்கியோன் யார்? முதல் எங்களுடையது, கருவி எங்களுடையது, எண்ணமும் எங்களுடையது என்றனர் நிறுவனத்தார். நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. ஆட்களை நிற்க வைத்து, ஒழுங்கு செய்து, அவ்வுருவம் உண்டாவதற்கு நேரடிக் காரணமாக இருந்தவரே ஆக்கியோன். பின்னால் அமர்ந்து பணம் போட்டவர் ஆக்கியோன் ஆகார் என்பது அவர்தம் முடிபு. பதிவு பிழையாகியது, வழக்கும் தோற்றது.

படியெடுத்தவர் தப்பிவிட்டார் என்பது உண்மையே. ஆயினும் அத்தீர்ப்பில் ஒரு நல்ல கருத்து நிலைநாட்டப்பட்டது. படம் என்பது பொறி தானாக ஈன்ற பொருள் அன்று. ஒரு மனிதனின் கண்ணும் கருத்தும் கையும் அதனுள் உள்ளன என்பதே அது.

வேடிக்கை யாருடைய சொத்து?

1888ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் 'கோடாக்' கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு படம் எடுக்கத்தக்க சுருள் அதனுள்ளேயே இருந்தது. விலை 25 டாலர். 1900ஆம் ஆண்டில் வந்த 'பிரவுனி' கருவியின் விலை ஒரு டாலரே. நிலையத்தாரின் தனித்தொழிலாக இருந்த படமெடுப்பு, பொழுதுபோக்காளர் கைக்கும் வந்தது. திடலுக்கு வருவோர் கருவியோடு வரலாயினர். அதுகண்ட போட்டி நடத்துநர்கள், படமெடுக்கும் உரிமையை ஒரே நிறுவனத்திற்கு விலைக்குக் கொடுத்துப் பணம் பெறலாமெனக் கருதினர்.

அந்தக் கருத்துக்குச் சோதனை 1916ஆம் ஆண்டில் வந்தது. மகளிர் நாய் வளர்ப்புச் சங்கம் ஒன்று தன் கண்காட்சியைப் படமெடுக்கும் தனியுரிமையை, விளையாட்டுப் படங்களை இதழ்களுக்கு வழங்கிவந்த ஒரு செய்தி நிறுவனத்திற்கு விற்றது. ஆனால் வேறொருவரும் உள்ளே சென்று படமெடுத்தார். 'நம் நாய்கள்' எனப் பொருள்படும் பெயருடைய வார இதழ் அப்படங்களை வெளியிட்டது. தனியுரிமைக்குப் பணம் கொடுத்த நிறுவனம் தடை கோரி வழக்கிட்டது.

வழக்கு தோற்றது, 1917ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் அதே முடிவு உறுதியாயிற்று. காட்சியைப் படமெடுக்கும் உரிமை என ஒரு சொத்து சட்டத்தில் இல்லை. இல்லாத சொத்தைச் சங்கம் எவ்வாறு விற்கக்கூடும்? உள்ளே வருவோர் படமெடுக்கலாகாது என நுழைவு நிபந்தனையாக விதித்திருந்தால், அதனை மீறியவரைத் தடுத்திருக்கலாம். அவ்வாறு விதிக்காமல் விட்டது சங்கத்தின் குறை என மன்றம் கருதியது. நாய்க் கண்காட்சியைப் பற்றிய தீர்ப்பாயினும், பந்தாட்டத்திற்கும் ஓட்டப்பந்தயத்திற்கும் இதுவே அடிப்படையாக அமைந்தது.

இருபதாண்டு கழித்து ஆஸ்திரேலியாவிலும் இக்கருத்து வலுப்பெற்றது. சிட்னி நகரில் விக்டோரியா பார்க் குதிரைப் பந்தயத் திடலின் அருகே குடியிருந்த டெய்லர் என்பவர், தம் நிலத்தில் ஓர் உயர்ந்த மேடை அமைக்க இடம் கொடுத்தார். வானொலி நிலையத்தார் அதில் ஏறி நின்று, வேலிக்கு மேலாகப் பந்தயத்தைக் கண்டு ஒலிபரப்பினர். திடலுக்கு வருவோர் தொகை குறைந்தது என உடைமையாளர் வழக்கிட்டனர். 1937ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் அவ்வழக்கைத் தள்ளியது. வேடிக்கைக் காட்சி ஒருவரின் சொத்து ஆகாது. வெளியிலிருந்து பார்ப்பதை விரும்பாதவர் வேலியை உயர்த்திக்கொள்ளட்டும் என்பது தலைமை நீதிபதி காட்டிய வழி.

ஆகவே திடலுடையவரின் வலிமை சட்டம் அளித்த சொத்துரிமையில் இல்லை. வாயிற்கதவிலும் நுழைவுச் சீட்டிலுமே இருக்கின்றது. பெரும் போட்டிகளின் சீட்டுகளில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் சீட்டின் விதிகளும், பார்வையாளர் எடுக்கும் படங்களைத் தம் சொந்தப் பயனுக்கே வைத்துக்கொள்ளவேண்டும் என வரையறுத்தன. அத்தகைய சீட்டோடு நுழைந்தவர், படத்தை ஆக்கியவராயினும் அதனை விற்கப் புகுந்தால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவார்.

நம் நாடுகளில்

இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பதிவுத் தொல்லையை நீக்கியது. படம் எடுக்கப்பட்டபோது அதன் மூலத் தகடு யாருக்குச் சொந்தமோ அவரையே ஆக்கியோன் எனக் கொண்டு, ஐம்பதாண்டு உரிமை வழங்கியது. தம் பணத்தில் சுருள் வாங்கிப் படமெடுத்த பொழுதுபோக்காளருக்கு இது நன்மையாயிற்று. ஆயினும் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்னும் பழைய விதி நீங்கவில்லை.

சிங்கப்பூரில் அச்சட்டம் 1987ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்தது. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டம் பழைய விதியை மாற்றியது. பிறர் சொல்லிப் பணம் கொடுத்து எடுத்த படமாயினும், மாறான உடன்பாடு இல்லையேல் முதல் உரிமை எடுத்தவருக்கே என்றாயிற்று. படத்தை வெளியிடுவோர் எடுத்தவரைக் குறிப்பிடவேண்டும் என்பதும் அதில் உண்டு. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறர் பணித்து எடுக்கச் செய்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில் பணித்தவருக்கு மாறிவிடும். பாலத்தின் இக்கரையில் ஒன்று, அக்கரையில் மற்றொன்று! பணியின் பகுதியாக ஊழியர் எடுக்கும் படமோ இரு நாடுகளிலும் பொதுவாக முதலாளியைச் சேரும். எவரும் பணிக்காமல் தாமாகவே எடுத்தவரின் படம் அவருடையதே என்பதிலும் இரு நாடுகளும் ஒத்துச் செல்கின்றன.

ஊதியம் எங்கே பிறக்கிறது?

இவ்வரலாறு கூறும் பாடம் தெளிவானது. உரிமை படமெடுத்தவரின் உழைப்பிலிருந்து பிறக்கின்றது. ஊதியமோ உடன்பாட்டிலிருந்தே பிறக்கின்றது. உரிமை இருந்தும் ஒன்றும் பேசாது கொடுத்தவர், பின்னர் எவ்வளவு கேட்பது என அறியாது திகைப்பார். எந்த வெளியீட்டில், எத்தனை முறை, எப்பெயரோடு, என்ன தொகைக்கு என்பன கொடுக்கும்போதே எழுதப்படவேண்டும். பார்க்கக் கொடுத்தது அச்சிடக் கொடுத்தது ஆகாது. ஒருமுறை அச்சிட இசைந்தது என்றைக்கும் இசைந்தது ஆகாது.

கேட்பவருக்கும் கடமை உண்டு. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழிக்கு எடுத்துக்காட்டாக நம் விழா மலர்கள் அமைதல் நன்றன்று. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒரு தந்தையோ பழைய மாணவரோ வெயிலில் நின்று எடுத்த படத்தை மலரில் சேர்க்கும் முன், அவரைக் கேட்கவேண்டும். படத்தின் கீழ் அவர் பெயரை இடவேண்டும். மலர் விலைக்கு விற்கப்படுமாயின் சிறு தொகையேனும் அளிக்கவேண்டும்; அதற்கும் வகையில்லையேல் மலரின் ஒரு படியையாவது அவர் கையில் சேர்ப்பிக்கவேண்டும்.

பிறர் எழுதிய கட்டுரையைப் பார்த்து எழுதும் மாணவனை ஆசிரியர் கண்டிக்கின்றார். பிறர் எடுத்த படத்தைப் பெயரின்றி வெளியிடுவதும் அதே குற்றமே. அதனை மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்க, பள்ளி மலரின் ஒரு பக்கத்தைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை.