சனிக்கிழமை மூன்று மணிக் கூட்டம்

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியதற்கு ஆலைச் சங்குதான் காரணம். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளைச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு நிறுத்த வைத்தது. அந்த அரைநாள் விடுப்பு மைதானங்களை நிரப்பியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மக்கள் பொழுதுபோக்குக்கு ஏங்கிக் கிடந்த 1948-49 பருவத்தில், லீக் ஆட்டங்களின் மொத்த வருகை 4 கோடியே 12 லட்சம். அந்த உயரத்தை இங்கிலாந்து பிறகு எட்டவேயில்லை.

தொலைக்காட்சி வந்தது, ரவுடித்தனம் பெருகியது, மைதானங்கள் பாழடைந்தன. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டு மைதானத்தில் பழைய மரப் பார்வையாளர் கூடம் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அடுத்த பருவத்தில் வருகை 1 கோடியே 65 லட்சமாகச் சுருங்கியது. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதை விசாரித்த டெய்லர் அறிக்கையால், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது.

லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 'காப்' என்ற படிக்கட்டு மேடை. ஒரு காலத்தில் சுமார் 28 ஆயிரம் பேர் தோளோடு தோள் உரச நின்ற இடம். 1994-இல் இருக்கை போட்டதும் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. உயிருக்குப் பாதுகாப்பு வந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் டிக்கெட் விலை ஏறியதில் தொழிலாளி வீட்டுப் பையன்கள் வெளியே நின்றார்களே, அது என்னை இன்றும் உறுத்துகிறது.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் தெற்குக் கூடத்தில் இன்றும் சுமார் 25 ஆயிரம் பேர் மலிவான டிக்கெட்டில் நின்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தும் 2022-இல் பாதுகாப்பான நிற்குமிடங்களை மறுபடி அனுமதித்தது. விலையையும் இறக்க வேண்டும்.