மண்டேலாவிடமே மறுத்தவர்

சென்ற வாரம் தீர்ப்போடு நிறுத்தியிருந்தேன். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் அரசாங்கத்தின் தலையில் குட்டிவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள்.

முடியவில்லை.

அந்தத் தீர்ப்பு பிள்ளையைக் காப்பாற்றியது. தாயை அல்ல. பிரசவ வலி எடுத்ததும் அவளுக்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் சொட்டு மருந்து. குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து பாதியாகக் குறையும். ஆனால் அந்தத் தாய் உயிரோடு இருந்து பிள்ளையை வளர்க்க வேண்டுமானால், ஆயுள் முழுக்க தினமும் கூட்டு மருந்து சாப்பிட வேண்டும். அப்போது, காசு இருந்தால் தனியார் மருத்துவரிடம் கிடைக்கும். இல்லாதவர்கள் போகிற அரசு மருத்துவமனையில் கிடையாது. கேப் டவுனை ஒட்டிய கயேலிட்ஷாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய சிகிச்சை நிலையம் போல அங்கொன்றும் இங்கொன்றும்தான் விதிவிலக்கு.

இந்த அநியாயத்துக்கு எதிராக ஒரு மனிதர் தன் உடம்பையே பணயம் வைத்திருந்தார். நமக்குப் பழக்கமானவர்தான். ஸாக்கி அக்மத்.

1976-இல், பதினான்கு வயதில், போராடிய சொவேட்டோ மாணவர்களுக்கு ஆதரவாகத் தன் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தாரே, அதே பையன். நிறவெறி அரசின் சிறைகளைப் பார்த்தவர். 1990-இல் தனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்துகொண்டவர். 1998 டிசம்பரில் நண்பர்களோடு சிகிச்சைக்கான செயல் இயக்கத்தைத் தொடங்கியவர்.

அவரால் மருந்து வாங்க முடியும். நண்பர்களும் வாங்கித் தரத் தயார். ஆனால் ஸாக்கி சொன்னது ஒன்றுதான்: அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்கிற நாள்வரை நானும் தொடமாட்டேன்.

இது பிடிவாதமா, தியாகமா? அவருடைய இயக்கத்துக்குள்ளேயே சண்டை. கயேலிட்ஷாவில் ஒரு பெண்ணிடம் 'வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடு' என்று சொல்லிக்கொண்டே, தலைவர் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் அவள் என்ன நினைப்பாள்? நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், நானும் அந்தத் தோழர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

தீர்ப்பு வந்த அதே ஜூலையில் பார்சிலோனாவில் உலக எய்ட்ஸ் மாநாடு. ஸாக்கி போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. நெஞ்சில் தொற்று. வீடியோவில்தான் பேசினார்.

மாதக் கடைசி. கேப் டவுனின் கடலோரம், மியூசன்பர்க்.

ஸாக்கி வீட்டுக்கு ஒருவர் வந்தார்.

நெல்சன் மண்டேலா.

வயது எண்பத்து நான்கு. பதவியை விட்டு மூன்றாண்டு ஆகிறது. ஏன் வந்தார்? இங்கேதான் அந்த மனிதரின் மனசைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜனாதிபதியாக இருந்த ஐந்தாண்டில் எய்ட்ஸ் பற்றி அவர் போதுமான அளவு பேசவில்லை. அந்தக் குறை அவருக்கே தெரியும். வாரிசாக வந்த தாபோ உம்பெக்கியோ, எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். கட்சியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத கிழவர் மண்டேலா. அப்படிப்பட்டவர், தன் கட்சி அரசை நீதிமன்றத்துக்கு இழுத்த மனிதரின் வீட்டு வாசலில் நிற்கிறார் என்றால் சும்மாவா?

ஸாக்கியும் அப்போது அதே கட்சிக்காரர்தான். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை அவர் எதிரியாக நினைக்கவில்லை. சொந்த வீட்டோடு சண்டை போடுகிறவனின் வேதனை அது.

மண்டேலா கேட்டுக்கொண்டார்: மருந்து சாப்பிடு.

யோசித்துப் பாருங்கள். இருபத்தேழு ஆண்டு சிறையில் இருந்தவர், ஒரு தேசத்தின் தகப்பன், வீடு தேடி வந்து கேட்கிறார். யாருக்கு மறுக்க வாய் வரும்?

ஸாக்கி மறுத்துவிட்டார்.

ஊருக்கே கிடைக்கும்போது சாப்பிடுகிறேன் என்றார்.

மண்டேலா கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு இந்த வகைப் பிடிவாதம் புதிதா என்ன? நிபந்தனையோடு விடுதலை தருகிறோம் என்று நிறவெறி அரசு சொன்னபோது, வேண்டாம் என்று சிறையிலேயே இருந்தவர் ஆயிற்றே! பத்திரிகைக்காரர்களிடம் ஸாக்கியை முன்மாதிரி என்று புகழ்ந்தார். ஜனாதிபதியிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

ஸாக்கி தோற்கவில்லை. மருந்தும் சாப்பிடவில்லை. அரசாங்கம் அசைந்ததா?

அதுவும் இல்லை.

அந்த டிசம்பரில் மண்டேலா ஒரு படி மேலே போனார். கயேலிட்ஷா சிகிச்சை நிலையத்தில், 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிதாக எழுதிய டி-சட்டையை எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டார். ஸாக்கியின் இயக்கத்துச் சட்டை. அந்தப் படம் உலகம் சுற்றியது.

பணம் இல்லை என்கிற சாக்கும் கரைந்துகொண்டிருந்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று ஒரு காலத்தில் சொன்ன கூட்டு மருந்தை, மும்பையின் சிப்லா நிறுவனம் 2001-லேயே 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. சுகாதாரத் துறையும் நிதித் துறையும் கூட்டாகச் செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தன. அந்த அறிக்கை வெளியே வரவில்லை. வெளியிடு என்று இயக்கம் கத்தியது. 2003 மார்ச்சில் தொண்டர்கள் காவல் நிலையங்களுக்கே போனார்கள். நோயாளிகளின் சாவுக்குக் காரணமானவர் என்று சுகாதார அமைச்சர் மீது குற்றம் சுமத்திப் புகார் கொடுத்தார்கள்!

ஸாக்கியின் உடம்போ இறங்கிக்கொண்டே வந்தது.

2003 ஆகஸ்ட் தொடக்கம். டர்பன். இயக்கத்தின் தேசிய மாநாடு. அங்கே தோழர்கள் மண்டேலாவால் முடியாததைச் செய்தார்கள். மருந்து சாப்பிடு என்று மாநாடாகவே கூடி வேண்டினார்கள். அந்த வேண்டுகோள் வந்த இடத்தைக் கவனியுங்கள். யாருக்காக மறுத்தாரோ, அந்த ஏழை நோயாளிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நீ செத்தால் எங்களுக்கு யார் என்பதுதான் அவர்கள் வாதம். இதற்கு ஸாக்கியிடம் பதில் இல்லை.

ஒப்புக்கொண்டார்.

அரசு மருத்துவமனைகளில் மாத்திரை வராமலே, சபதத்தை முடித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். எதிர்முகாம் ஜெயித்ததா?

அதே வாரம், ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்க அமைச்சரவையின் சிறப்புக் கூட்டம். கதவு திறந்தது. செய்தி வெளியே வந்தது.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரப்படும். செப்டம்பர் முடிவதற்குள் சுகாதாரத் துறை திட்டம் தீட்ட வேண்டும்.

கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திட்டத்தைத் தீட்டி, மாத்திரையை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டு சேர்க்கிற பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? எய்ட்ஸுக்குப் பூண்டையும் எலுமிச்சையையும் சாப்பிடச் சொன்னவரிடம். பின்னாளில் உலகம் 'டாக்டர் பீட்ரூட்' என்று கேலி செய்யப்போகிற மாண்டோ ஷபலாலா-சிமாங்கிடம். காவல் நிலையத்தில் யார் மீது புகார் கொடுத்தார்களோ, அதே அமைச்சர்தான்.

அவர் என்ன செய்தார்? அடுத்த வாரம் சொல்கிறேன்.